பிறந்த மாதம் முதல் பள்ளிப் பருவம் வரை: எம்.எஸ். நோயின் விதை எப்போது விழுகிறது?

முப்பது வயதுக்காரர் ஒருவர் காலையில் எழுந்திருக்கும்போது ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கண்ணை உருட்டினால் வலி. இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புகள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்கிறார் மருத்துவர். சுருக்கமாக எம்.எஸ்.

அடுத்து வரும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இது எதனால் வந்தது?" போன மாதம் வந்த காய்ச்சலா, வேலைச் சுமையா, சாப்பாடா என்று சமீபத்திய காரணங்களையே மனம் தேடும். ஆராய்ச்சியாளர்களோ அவர் பள்ளிக்குப் போன வயதையும், தவழ்ந்த வயதையும், அதற்கும் முன்னால் தாயின் வயிற்றில் இருந்த மாதங்களையும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அவ்வளவு பின்னால் போகிறார்கள், போய் என்ன கண்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பியின் மேல் இருக்கும் உறையைப் போல, செய்திகள் வேகமாகவும் சிதறாமலும் போக அது வேண்டும். கிருமிகளைத் தாக்கவேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். எந்த இடத்து உறை சேதமாகிறதோ அதைப் பொறுத்துப் பார்வை, நடை, உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு என ஏதாவது ஒன்று பாதிக்கப்படும். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வெளிப்படும். குழந்தைகளுக்கு வருவது குறைவு.

"ஆபத்துக் காரணி" என்ற சொல் இனி அடிக்கடி வரும் என்பதால் அதையும் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஈரத் தரையில் நடப்பவர் எல்லோரும் வழுக்கி விழுவதில்லை. விழுந்தவர் எல்லோரும் ஈரத்தால் விழுந்தவரும் இல்லை. ஆனால் நூறு பேரைக் கணக்கெடுத்தால் ஈரத் தரையில் விழுந்தவர்கள் அதிகமாக இருப்பார்கள். ஆபத்துக் காரணி என்பது அந்த ஈரம் மாதிரி. இன்னொன்று, "ஆபத்து இரண்டு மடங்கு" என்று படித்தவுடன் நெஞ்சு பதறும். ஓர் ஊரில் ஆயிரம் பேரில் மூன்று பேருக்கு வரும் நோய் இரண்டு மடங்கானால் ஆறு பேருக்கு வரும். மிச்சம் 994 பேருக்கு வராது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரபணு மட்டும் போதாது

எம்.எஸ். பரம்பரை நோயா என்றால், ஓரளவுக்கு. நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளை இந்த நோயோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். நோயெதிர்ப்பு அணுக்களுக்கு "இது நம்மாள், இது அந்நியன்" என்று அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகைதான் அவற்றில் பெரியது. அதன் ஒரு பிரதி இருந்தாலே ஆபத்து சுமார் மூன்று மடங்காகிறது. மற்றவற்றில் ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் பங்களிக்கின்றன.

ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரைப் பாருங்கள். மரபணு அச்சு அசல் ஒன்றுதான். அவர்களில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நாலில் ஒரு முறைதான். எல்லாம் மரபணுவின் வேலை என்றால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். வேறு ஏதோ சேர வேண்டியிருக்கிறது.

கனடாவில் செய்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் ஆவலைக் கிளப்பியது. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாய், வேறு தந்தை என்று பிறந்தவர்கள் ஒரு பக்கம். ஒரு தந்தை, வேறு தாய் என்று பிறந்தவர்கள் இன்னொரு பக்கம். பகிர்ந்துகொள்ளும் மரபணுவின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தாய் ஒருவராக இருந்தபோது இருவருக்கும் நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. தாயிடம் மட்டும் இருப்பது என்ன? கருப்பை. அப்படித்தான் சந்தேகம் வயிற்றுக்குள் இருக்கும் காலத்தின் மேல் விழுந்தது.

ஊர் மாறினால் ஆபத்தும் மாறுகிறது

சந்தேகத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. எம்.எஸ். நிலநடுக்கோட்டுக்கு அருகே குறைவு, துருவங்களை நோக்கிப் போகப் போக அதிகம். அப்படியானால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு என்ன ஆகும்?

ஜெஃப்ரி டீன், ஜான் குர்ட்ஸ்கே இருவரும் 1971இல் தென்னாப்பிரிக்காவை வைத்து ஒரு விடை சொன்னார்கள். நோய் அதிகமுள்ள ஐரோப்பாவிலிருந்து அங்கே குடியேறியவர்களில், பெரியவர்களாகி வந்தவர்கள் ஐரோப்பாவின் ஆபத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். பதினைந்து வயதுக்கு முன் வந்த பிள்ளைகளின் ஆபத்து குறைவாக இருந்தது. பிரிட்டனில் இதன் மறுபக்கம் தெரிந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போனவர்களிடம் எம்.எஸ். அரிது. அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடமோ உள்ளூர்க்காரர்களுக்கு நெருக்கமான அளவில் காணப்பட்டது.

பதினைந்து வயது என்பது கோடு கிழித்த எல்லை அல்ல. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பிரிட்டன்காரர்களை ஆராய்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கூர்மையான எல்லை தென்படவில்லை. வயது வந்த பிறகும் சூழல் வேலை செய்கிறது என்றார்கள். ஆனாலும் இளம்பருவத்துக்குக் கனம் அதிகம் என்ற எண்ணம் அப்போதே ஊன்றிவிட்டது.

மே மாதத்துக் குழந்தைகள்

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். பிடித்ததற்குக் காரணம் அது உண்மை என்பதல்ல, அதில் எவ்வளவு உண்மை என்று இன்னும் வழக்கு நடப்பதுதான்.

கனடா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 42,000க்கும் மேற்பட்ட எம்.எஸ். நோயாளிகளின் பிறந்த மாதங்களைத் தொகுத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மே மாதம் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்; நவம்பரில் பிறந்தவர்கள் குறைவு. வித்தியாசம் பெரியதல்ல, இரு பக்கமும் பத்து சதவீதத்துக்குள்தான். ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு ஒரு விளக்கம் ரெடியாக இருந்தது. வட நாடுகளில் மே மாதம் பிறக்கும் குழந்தையின் கருக்காலம் இலையுதிர் காலத்தையும் குளிர்காலத்தையும் தாண்டி வருகிறது. வெயில் குறைந்தால் தாயின் தோலில் வைட்டமின் டி உற்பத்தி குறையும். நவம்பர்க் குழந்தையின் தாய் கோடை முழுக்க வெயிலைக் கண்டிருப்பாள். பருவங்கள் தலைகீழாக இருக்கும் ஆஸ்திரேலியாவில் 2010இல் பார்த்தபோது மாதங்களும் தலைகீழாயின. அங்கே நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களுக்குத்தான் மே, ஜூனில் பிறந்தவர்களைவிட ஆபத்து கூடுதல். இதைவிட அழகாக ஒரு கருத்து பொருந்திவர முடியுமா?

அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த சிலர் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள்: எல்லா மாதத்திலும் குழந்தைகள் ஒரே அளவிலா பிறக்கின்றன? இல்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் வசந்தகாலப் பிறப்புகள் கூடுதல், ஆண்டு இறுதியில் குறைவு. இந்த ஏற்ற இறக்கம் ஊருக்கு ஊர், பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறும். நோயாளிகளை அதே ஊரில் அதே ஆண்டுகளில் பிறந்தவர்களோடு ஒப்பிடாமல், நாட்டின் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மே மாத மேடு தானாகவே முளைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். இந்தக் குறையைச் சரிசெய்த பின்னும் கொஞ்சம் தொடர்பு மிஞ்சுகிறது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். என் கணிப்பு: மாதக் கணக்கு ஒரு நல்ல துப்பு, நல்ல சாட்சி அல்ல.

உலர்ந்த ரத்தத் துளி

மாதத்தை வைத்து வைட்டமினை ஊகிப்பதற்குப் பதிலாக, அந்தக் குழந்தையின் ரத்தத்தையே பார்த்துவிட்டால்? முப்பது ஆண்டுக்கு முந்தைய ரத்தத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் இருக்கிறது. பிறந்த சில நாள்களில் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தத்தை அட்டையில் ஒற்றி எடுத்துச் சில பிறவி நோய்களுக்குச் சோதிப்பார்கள். அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து அந்த அட்டைகளைத் தூக்கிப்போடாமல் உறைகுளிரில் வைத்திருக்கிறார்கள்.

பின்னாளில் எம்.எஸ். வந்த 521 பேரின் அட்டைகளைத் தேடியெடுத்து, அதே நாளில் பிறந்த மற்றவர்களின் அட்டைகளோடு 2017இல் ஒப்பிட்டார்கள். வைட்டமின் டி அளவை வைத்து எல்லோரையும் ஐந்து பங்காகப் பிரித்தால், மிகக் குறைந்த அளவுள்ள பங்கில் இருந்தவர்களைவிட மிக அதிக அளவுள்ள பங்கில் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதிதான். ஃபின்லாந்தில் கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. 2016இல் அதை ஆராய்ந்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது.

இத்தோடு முடித்திருந்தால் வேலை சுலபம். ஆனால் ஸ்வீடனிலும் இதே மாதிரி அட்டைகளை வைத்து 2014இல் பார்த்தார்கள். அங்கே எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. வைட்டமின் டி பிறவியிலேயே குறைவாக இருக்கும்படியான மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு எம்.எஸ். அதிகம் என்பது வேறு வழியில் தெரிந்திருக்கிறது. அதனால் வைட்டமினுக்குப் பங்கு உண்டு என்ற நம்பிக்கை வலுத்தது. என்றாலும் மரபணு கருவில் தொடங்கிக் கடைசிவரை கூடவே இருப்பது. குறைபாடு வயிற்றில் இருக்கும்போது கெடுத்ததா, பத்து வயதில் கெடுத்ததா என்று அது சொல்லாது.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் டி மாத்திரைகளை அள்ளி விழுங்கத் தோன்றினால் வேண்டாம். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். கர்ப்பத்தில் குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்வது தாயின் எலும்புக்கும் குழந்தையின் எலும்புக்கும் நல்லது, அதற்கு எம்.எஸ். என்ற காரணம் தேவையில்லை.

கருக்காலத்தின் மற்ற சந்தேகங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சொல்வதற்கு அதிகம் இல்லை. சிசேரியன் பிறப்பு? டென்மார்க்கின் பெரிய ஆய்வில் தொடர்பு இல்லை. கர்ப்பத்தில் தாய் புகைத்தது? எம்.எஸ். விஷயத்தில் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. வேறு பல தீங்குகள் நிச்சயம் என்பதால் இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாயின் நீரிழிவு, கூடுதல் எடை ஆகியவற்றைச் சில ஆய்வுகள் சுட்டுகின்றன. படம் இன்னும் தெளியவில்லை. தாய்ப்பால் நாலு மாதத்துக்கும் மேல் குடித்தவர்களிடம் நோய் குறைவு என்று ஜெர்மனியில் ஓர் ஆய்வு சொன்னது. எல்லா ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எம்.எஸ். வந்த மகளைப் பார்த்து "நான் மாசமாக இருந்தபோது என்ன தப்பு செய்தேன்" என்று தாய் மருகுவது உண்டு. கருக்காலத்தைப் பற்றிய சான்றுகள் இவ்வளவு மெலிதாக இருக்கும்போது அந்தப் பழியை அவர் தலையில் ஏற்றுவது பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதுதான். ஏனென்றால் வயிற்றைத் தாண்டி வளரும் வயதுக்கு வந்தால் சான்றுகள் திடீரென்று கனமாகின்றன.

ஒரு வைரஸ், எப்போது வருகிறது என்பதுதான் விஷயம்

எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பற்றிக் கேள்விப்படாதவர் உடம்பிலும் அது அநேகமாக இருக்கும். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரிடம் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவுகிறது. சின்னக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் ஒரு சாதாரணச் சளி மாதிரி வந்து போய்விடும், பெரும்பாலும் அதுகூட இருக்காது. பதின்வயதில் முதல்முறையாகத் தொற்றினால் கதை வேறு. கடும் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியாத சோர்வு. மோனோ என்றும் முத்தக் காய்ச்சல் என்றும் அதைச் சொல்வார்கள். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் எம்.எஸ். ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்.

எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைக் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது? இல்லாதவர்கள் வேண்டுமே! 2022இல் வந்த ஓர் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. அமெரிக்க ராணுவத்தில் சேருபவர்களின் ரத்தத்தை அவ்வப்போது எடுத்துச் சோதித்து மிச்சத்தைச் சேமிப்பார்கள். இருபது ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகள் சேர்ந்திருந்தன. அவர்களில் 955 பேருக்கு எம்.எஸ். வந்திருந்தது. போதுமான மாதிரிகள் இருந்த 801 பேரில், முதல் மாதிரியில் வைரஸ் இல்லாதவர்கள் 35 பேர். நோய் தொடங்குவதற்கு முன் அவர்களில் 34 பேருக்குத் தொற்று வந்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒருவர். கணக்குப் போட்டால் தொற்றுக்குப் பிறகு ஆபத்து 32 மடங்கு. அதே விதத்தில் பரவும் இன்னொரு வைரஸான சைட்டோமெகாலோவைரஸைச் சோதித்தபோது இப்படி எதுவும் இல்லை. நரம்பிழை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதம்கூட, எப்ஸ்டீன்-பார் தொற்றுக்குப் பிறகுதான் ஏறத் தொடங்கியது. எது முதல், எது பின் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

எப்படிக் கெடுக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் அதே ஆண்டு கிடைத்தது. இந்த வைரஸின் ஒரு புரதத்தின் துண்டும் நரம்பு மண்டலத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. வைரஸைப் பிடிக்கத் தயாரான எதிர்ப்புப் பொருள் சில நோயாளிகளிடம் இரண்டையும் பிடிக்கிறது. ஒரே சாயலில் இருக்கும் இருவரில் தப்பானவரைக் கைது செய்வது போல.

ஆக, இந்தத் தொற்று இல்லாமல் எம்.எஸ். வருவது மிக அரிது. தொற்று இருப்பதால் மட்டும் வருவதும் இல்லை. எந்த வயதில் வருகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பழைய ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2005இல், பிறந்த ஆறு ஆண்டுகளுக்குள் கைக்குழந்தையாகத் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. பச்சைக் குழந்தையின் எச்சிலோடு வைரஸும் சீக்கிரமே வந்து சாதுவாகத் தங்கிவிடுகிறது என்று விளக்கினார்கள். டென்மார்க்கில் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. இந்தத் துறையில் இது வாடிக்கை.

எடை, புகை, அடி

கோபன்ஹேகனில் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை நோயாளிகளின் பதிவேட்டோடு 2013இல் பொருத்திப் பார்த்தபோது, 7 முதல் 13 வயதில் மிகக் கூடிய எடையோடு இருந்த சிறுமிகளுக்குப் பின்னாளில் எம்.எஸ். ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல், இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. உடல் பருமனுக்கான மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே சொல்வதால், தற்செயல் என்று ஒதுக்க முடியாது. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. வைட்டமின் டியையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன எச்.எல்.ஏ. வகை உள்ள ஒருவர் இளவயதில் பருமனாகவும் இருந்தால், இரண்டு ஆபத்துகளும் கூட்டலைவிட அதிகமாகப் பெருகுகின்றன என்று ஸ்வீடன் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே காரணம் என்று ஒன்று இல்லை, கூட்டாளிகள்தான் இருக்கிறார்கள்.

புகையும் அப்படித்தான். பெற்றோர் வீட்டுக்குள் புகைத்த பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே எம்.எஸ். வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்று ஃபிரான்ஸில் 2007இல் கண்டார்கள். புகை நுரையீரலில் நோயெதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். புகைத்தவர் தந்தையாக இருந்தாலும் தாயாக இருந்தாலும் சுவாசிப்பது அந்தப் பிள்ளைதான்.

பதின்வயதில் தலையில் பலமாக அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிபட்டால் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது என்று 2017இல் ஸ்வீடனில் வந்த ஆய்வு சொன்னது. பத்து வயதுக்கு முன் பட்ட அடிக்கு அப்படித் தொடர்பு இல்லை. தடுப்பூசிகளைப் பற்றிக் கவலைப்படுவோர் நிறைய. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்பதற்கான சான்று கிடைக்கவில்லை.

எனக்கு எம்.எஸ். இருக்கிறது, என் பிள்ளைக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான். அதில் மரபணுவை மாற்ற முடியாது. வீட்டுக்குள் புகை வராமல் பார்த்துக்கொள்ளலாம், எடையைக் கவனிக்கலாம், வெளியில் ஓடியாடி விளையாட விடலாம். எப்ஸ்டீன்-பாருக்குத் தடுப்பூசி இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

கருக்காலக் கேள்விக்கு ஏன் இன்னும் நேரடி விடை இல்லை என்றால், கணக்கு அப்படி. கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு வைட்டமினும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுதான் முறையான சோதனை. ஆயிரம் பிள்ளைகளில் மூன்று பேருக்கு வரக்கூடிய நோய் என்பதால் பல்லாயிரம் தாய்மார் சேர வேண்டும். முடிவைப் பார்க்க அந்தப் பிள்ளைகள் முப்பது வயதைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். சோதனையைத் தொடங்கியவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய ரத்த அட்டைகளிடமே திரும்பத் திரும்பப் போகிறார்கள்.